தராசும் சரக்கும்

"கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறதா, இல்லையா? ஆம் என்றோ இல்லை என்றோ சொன்னால் போதும். வியாக்கியானம் வேண்டாம்."

நம் கடற்கரைப் பட்டினங்களுள் ஒன்றில், சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு வீட்டு வழக்கை விசாரிக்கக் கூடிய ஜமாஅத்தில் எழுந்த குரல் இது. பினாங்கில் கடை வைத்திருந்த ஒருவர் ஊரிலிருந்த தம் தாயாருக்கு எழுதிய கடிதமே வழக்கின் வேர். கடிதம் நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தின் நடுவே ஒரு வரி: 'வீட்டைத் தங்கச்சிக்குக் கொடுத்தேன்.' எழுதியவர் காலமான பின் அவருடைய ஆண்மக்கள் ஊர் வந்து பாகம் கேட்டனர். தங்கையார் அக்கடிதத்தை எடுத்து நீட்டினார்.

மன்றத்திலிருந்த பெரியவர்களுள் ஒருவர், 'கொடுத்தேன்' என்பது இறந்தகால வினை என்றார். எனவே அது முன்பு நடந்த ஒன்றைப் பற்றிய செய்தி. அப்படி எங்கே, எப்போது, யார் முன்னிலையில் கொடுத்தார்? பத்திரம் உண்டா? இல்லையென்றால் செய்தி மெய்ப்படவில்லை; அவ்வளவுதான். மற்றொருவர், அந்தச் சொல்லே கொடை என்று வாதாடினார். மூன்றாமவர் இருவரையும் கையமர்த்திவிட்டு, மேலே கண்டவாறு ஆமா இல்லையா என்று முடித்தார். கடிதத்தை உரக்க வாசிக்கும் பணி நம்மிடம் தரப்பட்டிருந்தது. கேட்ட வரியை மட்டும் வாசித்தோம், உட்கார்ந்தோம். சொல் இறந்தகாலத்தில் இருக்கிறது, நடந்ததற்குச் சான்று இல்லை, ஆகவே வீடு பாகத்துக்குரியது என்று தீர்ந்தது. அன்று நாம் வாய் திறவாதிருந்தோம். அதற்கு ஈடாக இக்கட்டுரையைக் கொள்வோர் கொள்ளட்டும்.

அன்று நடந்த பிழை சட்டப்பிழை என்பதைவிட அளவைப்பிழை என்பதே நம் கருத்து. வாக்கியம் என்பது ஒன்று. அதைக் கொண்டு ஒருவர் சொல்லும் பொருள் மற்றொன்று. முன்னது மொழிக்கு உரியது. எழுவாய், பயனிலை, காலம், வேற்றுமை என்று இலக்கணப் புலவர் பிரித்துக் காட்டுவது. பின்னது மெய் என்றோ பொய் என்றோ தீர்ப்புச் சொல்லத் தகுவது. தமிழ் அளவை நூலார் அதனை 'எடுப்பு' என்பர். மத்ரஸாவில் மன்திக் ஓதியவர்கள் 'களிய்யா' என்பர். இரண்டையும் ஒன்றாக்கி, 'செய்தி கூறும் வாக்கியமே எடுப்பு' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவும் பாடப்புத்தகங்கள் உண்டு. அந்த ஒரு வரியை மனப்பாடம் செய்தவர்கள்தாம் பின்னர் மேடைகளிலும் மன்றங்களிலும் வந்து அமர்கிறார்கள்.

'இன்று மழை பெய்தது' என்னும் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை காயல்பட்டினத்தில் ஒருவர் சொன்னால் அது மெய். அதே வாக்கியத்தை, ஓர் எழுத்தும் மாறாமல், சனிக்கிழமை வாணியம்பாடியில் மற்றொருவர் சொன்னால் பொய்யாகலாம். ஒன்றே மெய்யும் பொய்யுமாக இருக்க முடியாது. ஆகவே மெய்யாகவும் பொய்யாகவும் ஆவது அந்த வாக்கியம் அன்று. அதனால் அவரவர் கூறியது. மறுதலையாக, வெள்ளிக்கிழமை பெய்த மழையைத் தமிழிலும் அரபியிலும் மலாயிலும் மூவர் சொன்னால் வாக்கியம் மூன்று, சொல்லப்பட்டது ஒன்று. இவ்வளவு எளிதாக விளங்கும் ஒன்றை ஏன் மறக்கிறோம் என்பதுதான் வியப்பு.

இந்த வழக்கு புதிதன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், கி.பி. 930களில், பக்தாதில் வஸீர் இப்னுல் ஃபுராத் அவர்களின் அவையில் இதே பொருள் பற்றி ஒரு பெரும் வாதம் நிகழ்ந்தது. ஒரு பக்கம் அபூ பிஷ்ர் மத்தா இப்னு யூனுஸ். இவர் நெஸ்தோரியக் கிறித்தவர். அரிஸ்டாட்டிலின் நூல்களை ஸுர்யானியிலிருந்து அரபியாக்கியவர். அக்காலத்தில் பக்தாதில் அளவை நூலுக்கு அவரே ஆசான். எதிர்ப்பக்கம் அபூ ஸயீத் ஸீராஃபீ (ரஹ்), நஹ்விலே பேரறிஞர், ஸீபவைஹி அவர்களின் நூலுக்கு விரிவுரை எழுதியவர். அபூ ஹய்யான் தவ்ஹீதீ அவர்கள் தம் 'அல்இம்தாஉ வல்முஆனஸா'வில் இவ்வாதத்தைப் பதிந்து வைத்திராவிட்டால் நமக்கு அது கிட்டியிராது.

மத்தாவின் வாதம் சுருக்கமானது. அளவை நூல் ஒரு தராசு. சரியான பேச்சைப் பிழையான பேச்சிலிருந்து அதனைக்கொண்டே அறியலாம். அது சொல்லைப் பற்றியதன்று, பொருளைப் பற்றியது. பொருளோ எல்லா இனத்தாருக்கும் பொது. நான்கும் நான்கும் எட்டு என்பதில் யவனருக்கும் அரபியருக்கும் வேற்றுமை உண்டோ? ஆகவே அளவையாளனுக்கு இலக்கணம் வேண்டியதில்லை. இலக்கணிக்குத்தான் அளவை வேண்டும்.

ஸீராஃபீ அவர்கள் அந்தத் தராசையே கையில் எடுத்துக்கொண்டார்கள். தராசு எடையைச் சொல்லும். தட்டில் இருப்பது இரும்பா, பொன்னா, பித்தளையா என்று அது சொல்லுமா? எடை தெரிந்த பின்னும் சரக்கின் இயல்பை வேறு வழியாலன்றோ அறிய வேண்டும்? மனிதருடைய கருத்துகளெல்லாம் நான்கும் நான்கும் எட்டு என்பதைப்போலத் தெளிவாக இருந்துவிட்டால் உலகில் வழக்கே இராதே! மேலும், அரிஸ்டாட்டிலின் மொழி உமக்குத் தெரியாது. யவன மொழியிலிருந்து ஸுர்யானிக்கும், அதிலிருந்து அரபிக்குமாக இரு முறை கைமாறிய பொருளை நீர் விற்கிறீர். வழியில் ஒன்றும் சிந்தவில்லை என்பதற்கு யார் சாட்சி? இவ்வாறு அடுக்கிக்கொண்டே போய், இறுதியில் ஒரு சின்ன வினாவில் அவரைச் சிக்கவைத்தார்கள்.

'ஸைத் சகோதரர்களில் சிறந்தவர்' என்பது சரியா? சரி என்றார் மத்தா. 'ஸைத் தம் சகோதரர்களில் சிறந்தவர்' என்பது? அதுவும் சரி என்றார். முடிந்தது வாதம்! ஸைதுடைய சகோதரர்கள் யார் யார் என்று ஒருவர் கேட்டால், அம்ர், பக்ர், காலித் என்று எண்ணுவோமேயன்றி ஸைதையும் அதில் சேர்த்து எண்ணமாட்டோம். அவர் அக்கூட்டத்தில் ஒருவரே அல்லர். அப்படியிருக்க அக்கூட்டத்தில் சிறந்தவர் ஆவது எவ்வாறு? முதல் வாக்கியத்தில் 'சகோதரர்கள்' என்னும் கூட்டத்தில் அவரும் அடக்கம். ஆகவே அது சரி. ஒரு சிறு சுட்டுப் பெயர் நுழைந்ததும் பொருள் கவிழ்ந்துவிட்டது. பொருளை மட்டும் பார்ப்பவன் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர், பொருள் மாறியதைக் காணவில்லை. ஏனெனில் சொல்லை அவர் பார்க்கவில்லை.

நம் மார்க்கக் கல்விக் கூடங்களில் இந்த வரலாற்றைச் சொல்லக் கேட்டவர்கள் பலர். ஸீராஃபீ வென்றார், யவன அளவை தோற்றது என்று மகிழ்ச்சியோடு முடிப்பார்கள். நாம் அப்படி முடிக்க உடன்படோம். முதலாவது, அந்த அவையில் நடந்தது இலக்கணிகள் வாயிலாகவே நமக்கு வந்திருக்கிறது. தவ்ஹீதீ அதனைக் கேட்டது ரும்மானீ அவர்களிடமும் ஸீராஃபீ அவர்களிடமுமே. தோற்றவர் தரப்பில் அன்று என்ன சொல்லப்பட்டது என்பது வென்றவர் நினைவில் எவ்வளவு தங்கும் என்று வாசகர்களே எண்ணிக்கொள்ளலாம். இரண்டாவது, ஸைத் பற்றிய அந்த வினாவையே திரும்பவும் பாருங்கள். இரண்டாம் வாக்கியம் பிழை என்று ஸீராஃபீ அவர்கள் எப்படிக் காட்டினார்கள்? எழுத்துப்பிழை, வேற்றுமைப்பிழை என்றா? இல்லை. ஒரு கூட்டத்தில் அடங்காதவன் அக்கூட்டத்தில் சிறந்தவனாக முடியாது என்று காட்டினார்கள். அது கலப்பற்ற அளவை நியாயம்! அரபியில் மட்டுமன்று, தமிழிலும் மலாயிலும் செல்லும் நியாயம். மொழிக்கு அப்பால் ஒரு பொருள் இல்லையென்றால் அந்த நியாயத்தை அவர்கள் எதன்மேல் நிறுத்தினார்கள்? தராசு வேண்டாம் என்று சொன்னவர் தராசில் நிறுத்தே வென்றார் என்பது நம் துணிபு.

ஆகவே பாதி மெய் இங்கே, பாதி மெய் அங்கே. பொருளை அடைய மொழியன்றி வேறு வாயில் இல்லை. இது ஸீராஃபீ அவர்களின் பங்கு. வாயிலே வீடன்று, இது மத்தாவின் பங்கு. மத்தாவின் மாணவர் யஹ்யா இப்னு அதீ பின்னர் அளவைக்கும் இலக்கணத்துக்கும் உள்ள வேற்றுமை பற்றித் தனி நூலே எழுதினார். ஃபாராபீ அவர்களோ, சொல்லுக்கு இலக்கணம் எவ்வாறோ அவ்வாறே கருத்துக்கு அளவை என்று உறவுமுறை வகுத்து, இரண்டையும் அருகருகே உட்கார வைத்தார்கள். அத்தோடு நில்லாமல், யவன மொழி வாக்கியத்தில் எழுவாயையும் பயனிலையையும் பிணைக்க ஒரு வினைச்சொல் வருவதையும், அரபியில் அது இல்லாமையால் மொழிபெயர்த்தோர் 'ஹுவ' என்றும் 'மவ்ஜூத்' என்றும் இட்டு நிரப்பியதையும் தம் 'கிதாபுல் ஹுரூஃப்' நூலில் ஆராய்ந்தார்கள். தமிழரான நமக்கு இது உடனே விளங்கும். 'அவர் மருத்துவர்' என்கிறோம். பிணைக்கும் சொல் எங்கே? வாக்கியத்தில் இல்லை. சொல்லிய பொருளில் பிணைப்பு இல்லையா? இருக்கிறது.

தமிழ் வாக்கியம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு நம் சங்கங்களின் கூட்டக் குறிப்பேடுகளே போதும். 'கூட்டத்துக்கு எல்லா உறுப்பினரும் வரவில்லை.' ஒருவருமே வரவில்லையா, சிலர் வந்து சிலர் வரவில்லையா? குறிப்பெழுதிய செயலாளர் ஒன்றை நினைத்து எழுதுகிறார். ஆறு மாதம் கழித்துத் தேர்தல் தகராற்றில் ஒருவர் மற்றதைப் படிக்கிறார். வாக்கியம் ஒன்று, எடுப்பு இரண்டு, சண்டை ஒன்பது. அரபியில் இதனை ஆராய்ந்து வைத்திருக்கிறார்கள். 'குல்லு' என்னும் சொல் மறைச்சொல்லுக்கு முன் வந்தால் அனைத்தையும் மறுக்கும். மறைச்சொல்லின் ஆட்சிக்குள் வந்தால் அனைத்தும் என்பதை மட்டும் மறுத்துச் சிலவற்றுக்கு இடம் விடும். கி.பி. 11ஆம் நூற்றாண்டில் அப்துல் காஹிர் ஜுர்ஜானீ (ரஹ்) அவர்கள் இதனை விரிவாக ஆய்ந்தார்கள். பலாகத் நூல்களில் இதற்கு எடுத்துக்காட்டாக வரும் நபிமொழி நம் பிள்ளைகளும் அறிந்ததே. நான்கு ரக்அத் தொழுகையில் இரண்டிலேயே ஸலாம் கொடுத்துவிட்ட நபி (ஸல்) அவர்களிடம் துல்யதைன் (ரலி) அவர்கள், தொழுகை சுருக்கப்பட்டதா, தாங்கள் மறந்தீர்களா என்று வினவ, அவற்றுள் எதுவுமே நிகழவில்லை என்ற கருத்தில் விடை வந்தது. துல்யதைன் அவர்கள் பணிவோடு, அவற்றில் ஏதோ ஒன்று நிகழ்ந்தது என்றார்கள். எல்லாவற்றையும் மறுக்கும் கூற்றுக்கு மாறுபடுவது, சிலவாவது உண்டு என்னும் கூற்று. எவ்வளவு துல்லியமான மறுமொழி! வாக்கியத்தைப் பற்றிக்கொண்டு அவர் தடுமாறவில்லை. கூறப்பட்டது எதுவோ அதற்கு நேராக மறுமொழி கூறினார்.

இனி, எடுப்பே ஆகாத வாக்கியங்கள். 'யா அல்லாஹ், எங்களை மன்னிப்பாயாக' என்பது குறைவற்ற வாக்கியம். அதை மெய் என்பவரும் இல்லை, பொய் என்பவரும் இல்லை. துஆ வாக்கியமே, எடுப்பு அன்று என்பதை அரிஸ்டாட்டிலும் அறிந்திருந்தார். நம் அறிஞர் பெருமக்கள் பேச்சை 'கபர்' என்றும் 'இன்ஷா' என்றும் இரு கூறாக்கினார்கள். மெய்யாகவோ பொய்யாகவோ இருக்க இடமுள்ளது கபர். கட்டளை, வினா, வேண்டுதல், ஒப்பந்தச் சொல் முதலியன இன்ஷா. இவற்றுள் வியப்பு ஒப்பந்தச் சொல்தான். அதன் உருவம் செய்தியின் உருவம். அதன் உயிரோ செயல்.

நிகாஹ் சபையைக் கண் முன் கொண்டுவாருங்கள். பெண்ணின் வலீ, 'நிகாஹ் செய்து கொடுத்தேன்' என்கிறார். மாப்பிள்ளை, 'கபில்து', அதாவது 'ஏற்றுக்கொண்டேன்' என்கிறார். இரண்டும் இறந்தகாலம். எப்போது கொடுத்தீர்கள், நேற்றா, முந்தாநாளா என்று எவரேனும் கேட்பதுண்டா? அந்தச் சொல் வெளிவந்த கணமே கொடுத்தலும் ஏற்றலும் நிகழ்கின்றன. நடந்து முடிந்த எதையும் அவர்கள் அறிவிக்கவில்லை. சந்தையில் 'விற்றேன்', 'வாங்கினேன்' என்பதும் இவ்வாறே. ஆங்கில நாட்டு அறிஞர் ஆஸ்டின், சொல்லால் செயல் செய்வது எவ்வாறு என்று ஆராய்ந்த நூல் 1962இல் வெளிவந்தபோது மேனாட்டார் அதனைப் புதுமை என்று போற்றினர். போற்றட்டும், அவர் நுட்பமாகவே எழுதினார். ஃபிக்ஹு நூலைத் திறந்த நம் சிறுவர்கள் அதன் முதற்பாடத்தைப் பல நூற்றாண்டுகளாக ஓதி வந்திருக்கிறார்கள் என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம்.

இப்போது பினாங்குக் கடிதத்துக்குத் திரும்புவோம். 'கொடுத்தேன்' என்பது கபரா, இன்ஷாவா? அந்த வரியை ஆயிரம் முறை வாசித்தாலும் அதற்கு விடை வராது. இறந்தகால இடைநிலை இரண்டுக்கும் பொது. முதல் பெரியவர் வினையின் காலத்தைக் கண்டார். அதிலிருந்து நேரே எடுப்புக்குத் தாவினார். இடையே ஒரு பாலம் வேண்டும் என்பதே அவருக்குத் தோன்றவில்லை. பாலம் அதே கடிதத்தில் இருந்தது. 'கொடுத்தேன்' என்பதற்கு அடுத்த வரியில், சாவி மாமாவிடம் இருக்கிறது, தங்கச்சி வந்து வாங்கிக்கொள்ளட்டும், மாமாவுக்கும் தனியே எழுதிவிட்டேன் என்று இருந்தது. நான்காம் பக்கத்தில், உம்மா நீங்களே இதற்குச் சாட்சி என்றிருந்தது. பழங்கதை சொல்பவன் இப்படி எழுதமாட்டான், கொடுப்பவன்தான் எழுதுவான். ஹிபாவுக்கு ஈஜாப், கபூல், கைப்பற்று என்னும் மூன்றும் வேண்டும் என்கிறது நம் சட்டம். தங்கையார் சாவியை வாங்கி அந்த வீட்டிலேயே பல்லாண்டு குடியிருந்ததை ஊரே அறியும். மூன்றும் அங்கே கைக்கெட்டும் தொலைவில் இருந்தன. மன்றம் கேட்டது ஒரு வரி. நாம் வாசித்ததும் ஒரு வரி.

வியாக்கியானம் வேண்டாம் என்பாருக்கு நாம் சொல்லும் மறுமொழி இதுதான்: அவர்களும் வியாக்கியானம் செய்தே தீர்ப்பளித்தார்கள். இறந்தகாலமென்றால் செய்திதான் என்பதும் ஒரு வியாக்கியானமே. அதைச் செய்கிறோம் என்று அறியாமல் செய்தார்கள்; ஆகவே அதற்குச் சான்று கேட்கவும் எவருக்கும் வாய் வரவில்லை.

வாக்கியம் மெய்யாக இருக்க, சொன்னவன் பொய்யனாக இருத்தல் கூடுமா? கூடும் என்பதற்குத் திருக்குர்ஆனே சான்று. ஸூரத்துல் முனாஃபிகூனின் தொடக்கத்தில், நயவஞ்சகர்கள் வந்து, தாங்கள் இறைத்தூதரே என்று சாட்சி கூறுகிறோம் என்கின்றனர். அவர்கள் சொன்னது உண்மை; அதை இறைவனே அறிந்துள்ளான். ஆயினும் அவர்கள் பொய்யர்கள் என்றும் அவனே சாட்சி பகர்கிறான். இதனைக் கொண்டு முஃதஸிலா அறிஞர் நள்ளாம், மெய் என்பது சொல்பவனின் நம்பிக்கைக்கு ஒத்திருத்தலே என்றார். ஜாஹிளோ, நம்பிக்கைக்கும் நடப்புக்கும் ஒருங்கே ஒத்தால்தான் மெய், இரண்டுக்கும் ஒவ்வாவிடில்தான் பொய், இடைப்பட்டது இரண்டுமன்று என்றார். பெரும்பான்மையோர், மெய் நடப்பைச் சார்ந்ததே என்று நின்று, பொய் எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடினார்கள். தூதர் என்னும் கூற்றில் பொய் இல்லை. 'சாட்சி கூறுகிறோம்' என்பதில்தான் இருக்கிறது. உளமார உரைப்பதையே சாட்சி என்பர். அவர்களிடம் உளம் இல்லை. ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு கூற்றுகள் ஒளிந்திருந்தன. ஒன்று மெய், மற்றது பொய். இதனைப் பிரித்தறியாதவன் அந்த வசனத்தைப் படித்துவிட்டு முரண்பாடு என்று கூவுவான், கூவியவர்களையும் பார்த்திருக்கிறோம்.

வாக்கியத்தின் உருவத்தை நம்பி ஏமாறுவதற்கு எல்லை எங்கே என்று காட்ட மற்றொரு புதிர் உண்டு. 'நான் இப்போது சொல்லும் இது பொய்.' இது மெய்யானால் பொய், பொய்யானால் மெய். தஃப்தாஸானீ (ரஹ்) அவர்கள் இதற்குத் தீர்வு காணாது, கணக்கில் முழுதாக விடை தராத மூலத்தின் பெயரையே இதற்கும் இட்டார்கள்: அல்ஜத்ருல் அஸம்மு, 'செவிட்டு வேர்'. ஒரு நூற்றாண்டுக்குப் பின் ஷீராஸில் தவானீ அவர்களும் தஷ்தகீ அவர்களும் இதற்காக நூல் எழுதி மோதிக்கொண்டார்கள். தவானீயின் முடிவு நமக்கு உகந்தது: எழுவாய் உண்டு, பயனிலை உண்டு, செய்தியின் உருவம் முழுவதும் உண்டு; ஆனால் தனக்கு வெளியே உள்ள எதையும் அது அறிவிக்கவில்லை; ஆகவே அது செய்தியே அன்று. சட்டை இருக்கிறது, ஆள் இல்லை.

நியாயமாக, எதிர்த்தரப்பில் வலுவான ஒருவரையும் அழைக்க வேண்டும். அமெரிக்க அளவையாளர் குவைன், 1960இல் வெளியிட்ட நூலில், எடுப்பு என்றொரு பொருளே வேண்டாம் என்றார். இரண்டு வாக்கியங்கள் ஒரே எடுப்பைச் சொல்கின்றன என்று எந்த அளவுகோலால் தீர்ப்பது? அளவுகோல் இல்லாத பொருளை ஏன் வீட்டில் வைத்திருக்க வேண்டும்? வாக்கியங்களே போதும் என்பது அவர் கட்சி. கேட்பது கடினமான கேள்வி; அதற்கு முழு விடை தந்துவிட்டோம் என்று நடிக்கமாட்டோம். ஆயினும் மத்தாவின் மற்றொரு கதையை அவர் முன் வைக்கிறோம். அரிஸ்டாட்டிலின் கவிதை நூலை மத்தா அரபியாக்கியபோது, நாடகமே காணாத மொழியில் துன்பியல் நாடகத்துக்குச் சொல் தேடி 'மதீஹ்', அதாவது புகழ்ப்பா என்று வைத்தார். இன்பியலுக்கு 'ஹிஜா', வசைப்பா. அதை நம்பி, இப்னு ருஷ்த் (ரஹ்) அவர்களைப் போன்ற பேரறிவாளரே இரு நூற்றாண்டுக்குப் பின் அந்நூலுக்கு உரை எழுதும்போது அரபிக் கஸீதாக்களை எடுத்துக்காட்டாக அடுக்கினார்கள். அரபி வாக்கியங்களில் குற்றமில்லை, இலக்கணம் சுத்தம். இருந்தும் ஏதோ ஒன்று தவறிப்போயிற்று என்கிறோமே, தவறிப்போனது எது? வாக்கியமன்றி வேறொன்றில்லை என்பவர் இதைப் பிழை என்று சொல்லவே வாய் இல்லாதவர். குவைன் அதற்கும் துணிந்தவர். மொழிபெயர்ப்பில் இதுதான் சரி என்னும் ஒருமுடிவே இல்லை என்றவர். நாம் துணியோம். மொழிபெயர்ப்பைக் கொண்டே மார்க்கம் படிக்கும் குடும்பங்கள் நாம். நமக்கு அந்தத் துணிவு கட்டுப்படியாகாது.

அரபியின் 'நஹ்னு' ஒன்றே. தமிழில் அது 'நாம்' என்றும் 'நாங்கள்' என்றும் பிரிகிறது. கேட்பவரைச் சேர்த்தா, விலக்கியா என்று அரபி வாக்கியம் சொல்லவில்லை. தமிழில் சொல்லாமல் நகர முடியாது. 'ரப்பனா' என்பதைத் தமிழாக்கிய பெருமக்கள் 'நம் இறைவனே' என்று எழுதவில்லை. 'எங்கள் இறைவனே' என்று எழுதினார்கள். அழைக்கப்படுபவனே இறைவன், அவனை அந்த 'நம்'முக்குள் சேர்க்கலாகாது. அரபி எழுத்தில் இல்லாத அந்த வேறுபாட்டை எங்கிருந்து எடுத்தார்கள்? கூறப்பட்ட பொருளிலிருந்து. சொல்லுக்குச் சொல் வைப்பதே நேர்மை என்று இன்று மேடைதோறும் முழங்குவோர், இந்த ஓர் எழுத்தை எப்படி மொழிபெயர்ப்பார்கள் என்று கேட்டுப் பார்த்தோம். 'எங்கள்' என்றே சொன்னார்கள். ஏன் என்று கேட்டபோது அதுதான் வழக்கம் என்றார்கள். (இக்கட்டுரையில் நாம் 'நாம்' என்று எழுதிவரும்போது வாசகரையும் சேர்க்கிறோமா என்று ஒரு நண்பர் கேட்டார். சில இடங்களில் ஆம்; வாய் மூடியிருந்த இடத்தில் இல்லை.)

இன்றைய விவாத மேடைகளில் எதிரியின் நூலிலிருந்து ஒரு வரியைக் கிழித்தெடுத்து, 'இதை நீர் எழுதினீரா, இல்லையா' என்று கேட்பது வீரமாகக் கருதப்படுகிறது. எழுதியது உண்மையே, வாக்கியம் அவருடையதே. ஆனால் அது அவர் மறுப்பதற்காக எடுத்துக்காட்டிய பிறர் கூற்றாக இருக்கலாம். 'என்றால்' என்பதற்கு முன் நிற்கும் நிபந்தனையாக இருக்கலாம். 'கதிரவன் மேற்கே உதித்தால் இது கூடும்' என்றவர் கதிரவன் மேற்கே உதிக்கும் என்று கூறியவர் ஆவாரா? நிபந்தனை வாக்கியத்தின் பாதியை எவரும் கூறவில்லை, முழுமையைத்தான் கூறினார்கள். ஈஸாகூஜீ ஓதும் பிள்ளைக்கும் தெரிந்த இந்தச் சங்கதி, ஆயிரம் பேர் கூடிய மேடையில் எவருக்கும் தெரிவதில்லை.

நிஜாமிய்யாப் பாடத்திட்டத்தில் நஹ்வும் மன்திக்கும் அருகருகே வைக்கப்பட்டதற்குக் காரணம் இருந்தது. மன்திக் யவனச் சரக்கு, அதை நீக்குவோம் என்று ஒரு சாராரும், நஹ்வு காலத்தை விழுங்குகிறது, கருத்தை மட்டும் படிப்போம் என்று மற்றொரு சாராரும் கிளம்பியிருக்கிறார்கள். முன்னவர் ஸீராஃபீயின் கட்சி என்று தம்மை நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் ஸைதின் சகோதரர்களை அவர்களால் எண்ண முடியாது. பின்னவர் மத்தாவின் வாரிசுகள். புகழ்ப்பாவைத் துன்பியல் என்று வாசித்துக்கொண்டிருப்பார்கள், ஒருநாளும் அறியமாட்டார்கள். இரண்டு கிதாபுகளில் ஒன்றைக் கட்டி வைக்கச் சொல்லும் நிர்வாகத்தாரிடம், வாரத்தில் மேலும் இரண்டு மணி நேரம் கேளுங்கள் என்று ஆசிரியர்களை வேண்டிக்கொள்கிறோம்.

கடிதத்தின் நகல் நம்மிடம் இருக்கிறது. வழக்கை மீண்டும் எடுக்கும்படி அந்த ஜமாஅத்துக்கு இம்மாதம் எழுதியிருக்கிறோம். இம்முறை நான்கு பக்கங்களையும் வாசிக்க நேரம் ஒதுக்கவேண்டும் என்று கேட்டிருக்கிறோம்.